டப்போவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு: பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான திட்டங்களில் கைகொடுப்பது எப்படி

"எத்தனை நாள் இங்கே இருப்பீங்க?"

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கும் டப்போவில் ஓர் இளைஞர் மையத்துக்குத் தன்னார்வலராகப் போன முதல் நாள், நான் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் கேட்ட முதல் கேள்வி இது. பேர் என்ன, எந்த நாடு என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. "பார்க்கலாம்" என்று இழுத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் இரண்டு மாதம் என் பக்கமே வரவில்லை.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. நம்மில் பலர் இந்த ஊருக்குக் கணக்குப் போட்டுத்தான் வருகிறோம். 491 என்ற தற்காலிக வட்டார விசா ஐந்து வருடம், அதில் மூன்று வருடம் பெருநகரத்துக்கு வெளியே வாழ்ந்து வேலை பார்த்துவிட்டால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வந்ததும் சிட்னியோ மெல்பனோ. நாம் மட்டும் இல்லை, டீச்சர், நர்ஸ், போலீஸ்காரர், சமூகப் பணியாளர் என்று பலரும் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுக் கிளம்புகிற ஊர் இது. இங்கேயே பிறந்து இங்கேயே இருக்கப்போகிற பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் பழகி, பழகின கையோடு வழியனுப்பிவைத்து அலுத்துப்போயிருக்கிறார்கள். அதனால் உதவ வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் முதலில் நாள்கணக்கைத்தான் கேட்கிறார்கள்.

நான் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. "நாங்களும் ஏதாவது செய்யணும், எங்கே ஆரம்பிப்பது?" என்று புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். சட்டம், சான்றிதழ் பற்றிச் சொல்வது நியூ சவுத் வேல்ஸுக்கு. வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது யார் ஊர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டப்போ விராஜுரி மக்களின் மண். அதற்குள் இந்தப் பகுதிக்கு உரியவர்கள் டப்பா-கா என்ற பிரிவினர். நாம் மெக்குவாரி என்று சொல்லும் ஆற்றுக்கு அவர்கள் வைத்த பேர் வாம்பூல். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டப்போ வட்டாரத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் பூர்வகுடியினர். எல்லோரும் விராஜுரி இல்லை. ஆஸ்பத்திரி, கோர்ட், பெரிய பள்ளி எல்லாம் இங்கே இருப்பதால் பர்க், பிரவாரினா, வால்கெட் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு வேறு மொழி, வேறு மண். மதுரையில் இருக்கிறவர் எல்லோரும் மதுரைக்காரர் இல்லை என்பது நமக்குத் தெரியுமே, அது போலத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை நகரின் நடுவில் இருக்கும் வில்லியம் ஃபெர்குசன் சிலைக்கு நடந்து போய்ப் பாருங்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலை பார்த்தவர் அவர். 1937-இல் இதே டப்போவில் பூர்வகுடிகள் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். மறுவருடம் ஜனவரி 26 அன்று, வெள்ளையர் வந்திறங்கி 150 வருடம் ஆனதை நாடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிட்னியில் ஓர் அரங்கில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். சிலை வைத்தது 2019-இல்தான். அப்புறம் ஊருக்கு வடக்கே டெர்ரமுங்கமைன் என்ற இடத்தில் ஆற்றங்கரைப் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாகக் கருவிகளைத் தீட்டித் தீட்டித் தேய்ந்தவை. நம் வீட்டு அம்மியில் தேய்ந்த குழிவைப் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

இன்னொரு விஷயம் தெரியாமல் இந்த வேலைக்குள் வரவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்கமே பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து எடுத்துப்போனது. இந்த மாநிலத்தில் பையன்களைக் கெம்ப்ஸி பக்கம் கின்செலா விடுதியிலும், பெண்பிள்ளைகளைக் கூட்டமண்ட்ரா விடுதியிலும் அடைத்து வைத்தார்கள். கூட்டமண்ட்ரா 1969 வரைக்கும், கின்செலா 1970 வரைக்கும் நடந்தது. அங்கே வளர்ந்தவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள், நீங்கள் பழகப்போகிற பிள்ளையின் பாட்டியாகக்கூட இருக்கலாம். ஆகவே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, கையில் ஃபைலோடு, "பிள்ளையைப் பற்றிப் பேசணும்" என்று நின்றால் அந்த வீட்டில் ஒரு கணம் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். நம் நல்லெண்ணம் அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை.

எப்படிக் கூப்பிடுவது, எதைக் கேட்கக் கூடாது

அபாரிஜினல் என்று முழுதாகச் சொல்லுங்கள். அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தை மட்டும் சொல்வது இங்கே வசவு. பேசும்போது வேகத்தில்கூட வந்துவிடக் கூடாது, வாட்ஸ்அப்பில் தட்டும்போதும்தான். இந்த மாநிலத்தில் பலர் தங்களைக் கூரி என்பார்கள், வடக்கே போகப் போக மர்ரி. அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சில பிள்ளைகள் வெள்ளைத் தோலும் செம்பட்டை முடியுமாக இருப்பார்கள். "உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியலையே", "பாதியா, கால்வாசியா?" என்று கேட்டுவிடாதீர்கள். நிறத்தையும் ரத்தத்தையும் அளந்து பார்த்துத்தான் அந்தக் காலத்தில் குழந்தைகளைப் பிரித்தார்கள். குடும்பம் யார், மண் எது என்பதில்தான் அவர்களுடைய அடையாளம் இருக்கிறது. அவர்களே உங்களிடம் "உங்க மாப் யாரு?" என்று கேட்பார்கள். மாப் என்றால் சொந்தபந்தம், சனம். "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம் ஊர்த் திண்ணையில் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது. "இந்தியா" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் ஊர், ஆறு, தாத்தா பாட்டி என்று விரித்துச் சொல்லுங்கள். நான் தாமிரபரணியைப் பற்றிச் சொன்ன அன்றுதான் ஒரு பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று பேரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். நாம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்து நரைத்த தலை எல்லாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது. அந்தச் சமூகம் மதித்துக் கொடுத்த இடம் அது. மற்றவர்கள் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், அல்லது "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏற்கெனவே என்னென்ன நடக்கிறது என்று சுற்றிப் பாருங்கள்

நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது ட்யூஷன். ஒரு ஹால் பிடித்து, சனிக்கிழமை கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கலாம் என்று. எனக்கும் அதுதான் தோன்றியது. தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஊரில் ஏற்கெனவே ஆட்கள் வருடக்கணக்காக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஆள் போதவில்லை. அங்கே போய்ச் சேருங்கள்.

பிசிஒய்சி என்ற இளைஞர் மன்றம் 1937-இல் சிட்னியில் தொடங்கியது, டப்போவிலும் இருக்கிறது. கூடைப்பந்து, குத்துச்சண்டை, ஜிம், காலையில் உடற்பயிற்சியும் சாப்பாடும் என்று நடக்கும். போலீஸும் சேர்ந்து நடத்துவதால் சில பிள்ளைகளுக்கு அந்த இடம் ஒத்துவரும், சிலருக்கு வராது. டப்போ காலேஜ் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியில் கிளான்டார்ஃப் அகாடமி இருக்கிறது. 2000-இல் பெர்த்தில் தொடங்கிய இந்த அமைப்பு ஃபுட்டி என்ற பந்தாட்டத்தைக் காட்டிப் பையன்களைப் பள்ளிக்கு இழுத்து, படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வரை கூடவே நிற்கிறது. மனநலத்துக்கு ஹெட்ஸ்பேஸ், 12 முதல் 25 வயது வரை. உடல்நலத்துக்குப் பூர்வகுடி மக்களே நடத்தும் மருத்துவ சேவை இருக்கிறது. விராஜுரி மொழியைப் பள்ளிகளில் திரும்பக் கொண்டுவர ஒரு மொழி மையம் வேலை செய்கிறது. இவை போக உள்ளூர் பூர்வகுடி நிலக் கவுன்சில், பள்ளிக் கல்வியில் பூர்வகுடிப் பெற்றோரின் குரலாக இருக்கும் ஏஇசிஜி குழு.

எங்கே சேர்ந்தாலும் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: இங்கே முடிவெடுக்கிறது யார்? மேஜையின் தலைமாட்டில் பூர்வகுடிப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை போட்டோவுக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா? இது ஏன் முக்கியம் என்றால், டப்போவிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பர்க்கில் இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்ன ஊருக்குள் ஏகப்பட்ட அமைப்புகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் சேவை செய்துகொண்டிருந்தன. ஊர்ப் பெரியவர்கள் மரங்கூக்கா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள், அவர்கள் மொழியில் 'மற்றவர்களைப் பார்த்துக்கொள்வது' என்று பொருள். போலீஸ் தரவு, பள்ளித் தரவு எல்லாவற்றையும் வாங்கித் தங்கள் மேஜையில் வைத்துப் பார்த்து, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேலை செய்தார்கள். கேபிஎம்ஜி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 2016-ஐவிட 2017-இல் சிறார் மீது அதிகம் பதிவாகும் ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள் 38 விழுக்காடு குறைந்திருந்தன, பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் தொடர்கிறவர்கள் 31 விழுக்காடு கூடியிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் புது அறிவு கொண்டுபோய்க் கொட்டவில்லை.

காகித வேலை

இது சுலபம். சிறுவர்களோடு வேலை செய்வதற்கான சரிபார்ப்பு, ஒர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்பார்கள், கட்டாயம். இணையத்தில் விண்ணப்பித்து, சர்வீஸ் என்எஸ்டபிள்யூ என்ற மாநில அரசு சேவை மூலம் அடையாளத்தைக் காட்டவேண்டும். தன்னார்வலருக்குக் கட்டணம் கிடையாது, ஐந்து வருடம் செல்லும். எண் வந்ததும் அமைப்பிடம் கொடுங்கள், அவர்கள் அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள். போலீஸ் சான்றிதழும் சில இடத்தில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி என்று நம் பேரில் இனிஷியல் குழப்பம் வருமே, அதை மட்டும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். எனக்கு அதில் மூன்று வாரம் போனது.

முதல் இரண்டு மாதம்

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாள், அந்த நேரம் மாறக் கூடாது. மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் வருவதைவிட, ஒரு நாள் சொல்லி ஒரு நாள் வாருங்கள். என் நாள் வியாழன், ஐந்தரை மணி. வராத வாரம் இருந்தால் முந்தின வாரமே பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லிவிடுவேன், ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் போதும் என்று விடமாட்டேன்.

போனதும் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள். நாற்காலி போடுங்கள், தட்டு கழுவுங்கள், டோஸ்ட் போடுங்கள், மைலோ கலக்குங்கள், மினி பஸ்ஸில் கூடப் போய் வீடு வீடாக இறக்கிவிட்டு வாருங்கள். யார் யாருக்குச் சொந்தம், யாருக்கு எந்த வீட்டில் இன்றைக்குத் தங்கல் என்பதெல்லாம் அந்த பஸ்ஸில்தான் தெரியவரும். அத்தை வீடு, பாட்டி வீடு, சித்தி வீடு என்று பிள்ளைகள் மாறி மாறி இருப்பார்கள். அதைப் பார்த்து "வீடில்லாத பிள்ளை" என்று முடிவுகட்டாதீர்கள். நம்மில் எத்தனை பேர் கோடை விடுமுறை முழுக்க ஆச்சி வீட்டில் வளர்ந்தோம்.

'ஷேம்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். நம் வெட்கம், கூச்சம், மானம் மூன்றும் கலந்த மாதிரி. திட்டினால் மட்டும் வருவதில்லை, எல்லார் முன்னாலும் புகழ்ந்தாலும் வரும். ஒரு பெண்பிள்ளை அருமையாக ஒரு கணக்கைப் போட்டபோது நான் கைதட்டி எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். அவள் தாளைக் கசக்கிவிட்டு வெளியே போய்விட்டாள். இப்போதெல்லாம் பக்கத்தில் போய், வேறு வேலை பார்க்கிற மாதிரி, "டெட்லி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். டெட்லி என்றால் இங்கே பிரமாதம் என்று பொருள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம், பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

யிந்தியமர்ரா என்று ஒரு விராஜுரிச் சொல் உண்டு. மரியாதை, மென்மை, நிதானமாகப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். அவசரப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பெரியம்மா இந்தச் சொல்லைத்தான் சொன்னார், சொல்லிவிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது: நாம் நிஜமாகவே பயன்படும் இடம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கார் லைசென்ஸ் இல்லாமல் இந்தப் பக்கத்தில் வேலை கிடையாது, வேலை இல்லையென்றால் மற்ற எதுவும் கிடையாது. பஸ் வசதி அப்படி. லைசென்ஸ் இல்லாமல் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பையன் போலீஸிடம் மாட்டுவான், அபராதம் வரும், கட்ட முடியாது, அப்புறம் கோர்ட். பர்க்கில் மரங்கூக்கா ஆட்கள் தரவைப் பார்த்தபோது கண்ணில் பட்டவற்றில் இதுவும் ஒன்று. அதனால் அங்கே ஓட்டுநர் பயிற்சித் திட்டத்தையே கொண்டுவந்தார்கள்.

விதி இதுதான். 16 வயதில் சாலை விதி அறிவுத் தேர்வு எழுதி எல், அதாவது ஓட்டப் பழகுபவருக்கான லைசென்ஸ், வாங்கலாம். 25 வயதுக்குக் கீழே இருந்தால் 120 மணி நேரம் ஓட்டி லாக் புக்கில் பதியவேண்டும், அதில் 20 மணி நேரம் இரவில். பத்து மாதமாவது எல் வைத்திருக்கவேண்டும், 17 ஆனதும் ஓட்டும் தேர்வு. உரிமம் பெற்ற பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தால் மூன்று மணி நேரமாகக் கணக்கு, ஆனால் அது பத்துப் பாடம் வரைதான். மிச்சமெல்லாம் முழு ஆஸ்திரேலிய லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைத்தே ஆகவேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா, அம்மா, வீட்டில் இரண்டு கார். வீட்டில் ஒருவரிடமும் முழு லைசென்ஸ் இல்லை, காரும் இல்லை என்றால் 120 மணி நேரத்தை அந்தப் பிள்ளை எங்கே போய்த் தேடும்? அந்த மணி நேரம் நம்மிடம் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்க வழியில்லாதவர்களுக்கு உதவ மாநில அரசின் திட்டம் ஒன்றும் இருக்கிறது, அதை உள்ளூர் அமைப்புகள் வழியாக நடத்துகிறார்கள். அங்கே வழிகாட்டும் ஓட்டுநராகப் பேர் கொடுங்கள். நீங்களே இன்னும் பி பிளேட்டில், அதாவது முழு லைசென்ஸுக்கு முந்தின படியில், இருந்தால் பக்கத்தில் உட்கார முடியாது, முழு லைசென்ஸ் வரும்வரை வேறு வேலை செய்யுங்கள். தனியாக, உங்கள் சொந்த ஏற்பாட்டில் யார் வீட்டுப் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அமைப்பின் கார், அமைப்பின் இன்சூரன்ஸ், அமைப்புக்குத் தெரிந்த நேரம் என்றே இருக்கட்டும்.

ஒரு மாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குளிர்காலம், ஐந்தரைக்கே இருட்டிவிடும். பதினேழு வயதுப் பெண், மிருகக்காட்சிசாலைக்குப் போகும் ஓப்லி சாலை. கிளம்பும் முன் மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து முழங்காலில் வைத்து லாக் புக்கில் எழுதுகிறாள், நேரம், சாலை, வானிலை எல்லாம் ஒவ்வொரு கட்டமாக. எல் ஓட்டுநருக்கு 90-க்கு மேல் போகக் கூடாது, அவள் 70-ஐத் தாண்டவில்லை. ஓரத்துப் புல்லில் இரண்டு கண் மின்னியது. கங்காரு. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஒடிக்காமல், நேராகவே மெதுவாக்கி நிறுத்திவிட்டாள். "ஒடிச்சா கார் உருண்டுரும்னு மாமா சொல்லியிருக்கார்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. திரும்பி வரும் வழியில்தான், சாலையைப் பார்த்துக்கொண்டே, தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். காருக்குள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதில் ஏதோ ஒன்று இருக்கிறது.

எல் வாங்கும் முன்பே சிலருக்கு முட்டுக்கட்டை வரும், பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிறந்ததைப் பதிவு செய்திருக்கமாட்டார்கள், அல்லது தாள் தொலைந்திருக்கும், புதிதாக வாங்கக் கட்டணம், ஆன்லைன் படிவம், அடையாள அட்டை. அடையாள அட்டை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சுற்றிவரும். பாத்ஃபைண்டர்ஸ் என்ற அமைப்பு பூர்வகுடி மக்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தரும் முகாம்களை நடத்துகிறது, எப்போது எங்கே என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவையுங்கள். விசாவுக்காக எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறோம், பக்கத்தில் உட்கார்ந்து இதையும் நிரப்பிக் கொடுக்க நம்மால் முடியும். ஆகஸ்ட் 4 தேசிய பூர்வகுடிக் குழந்தைகள் தினம். அந்தத் தேதி ஏன் தெரியுமா? விடுதிகளுக்குப் பிரித்து எடுத்துப்போன குழந்தைகளில் பலருக்குப் பிறந்தநாள் எது என்றே தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக அந்த ஒரு நாளில் கொண்டாடிவந்தார்கள்.

பழைய அபராதம் குவிந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பணம் கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் ஊதியமில்லா வேலை, படிப்பு, சிகிச்சை, 25 வயதுக்குக் கீழ் என்றால் வழிகாட்டித் திட்டத்தில் கலந்துகொள்வது என்று எதையாவது செய்து, மாதம் 1000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். ஒர்க் அண்ட் டெவலப்மென்ட் ஆர்டர் என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு இது இருப்பதே தெரியாது.

துக்கம் வந்தால்

ஒரு வியாழன் போவீர்கள், யாருமே இருக்கமாட்டார்கள். 'சாரி பிசினஸ்' என்பார்கள், யாரோ தவறிவிட்டார்கள். சொந்தம் பெரியது, சாவுக்குப் பல நூறு கிலோமீட்டர் போவார்கள், வாரக்கணக்கில் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டைக் காட்டிக் கேள்வி கேட்காதீர்கள். இறந்தவர் பேரையோ படத்தையோ நீங்களாக எடுக்காதீர்கள், குடும்பம் எப்படிச் செய்கிறதோ அப்படி.

ஏதாவது தப்பாகத் தெரிந்தால்

நீங்கள் விசாரிக்கவேண்டாம். பிள்ளை ஏதாவது சொன்னால் கேளுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அன்றைக்கே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000. பூர்வகுடி மக்களே எடுத்துப் பேசும் உதவி எண் 13 92 76, எந்நேரமும் உண்டு. சிறுவர்களுக்கு 1800 55 1800. போலீஸ் யாரையாவது பிடித்தால் பூர்வகுடி சட்ட சேவைக்குப் போலீஸே தகவல் சொல்லவேண்டும் என்பது இங்கே சட்டம். காவலில் நடந்த சாவுகளை விசாரித்து 1991-இல் முடிந்த ராயல் கமிஷனுக்குப் பிறகு போராடி வாங்கியது. அதைத் தெரிந்து வைத்திருங்கள், ஸ்டேஷனுக்குப் போய் நீங்களே வாதாடாதீர்கள்.

நம் வீட்டுக் கூடத்தில் செய்யவேண்டிய வேலை

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதாமல் விட மனம் வரவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நம் ஆட்களே முதலில் கொடுக்கும் அறிவுரை எந்தத் தெருவில் வீடு எடுக்கக் கூடாது, யாரோடு பழகக் கூடாது என்பது. அதைச் சொல்கிறவர்களில் பலர் ஒரு பூர்வகுடிக் குடும்பத்தோடு ஒரு டீ குடித்தவர்கள்கூட இல்லை. "நாமும் ஒன்றுமில்லாமல்தான் வந்தோம், உழைத்து முன்னேறவில்லையா?" என்றும் கேட்பார்கள். நாம் பட்டப்படிப்போடு, குடும்பம் கையிலிருக்க, நாமே விரும்பி வந்தோம். யாரும் நம்மைத் தாயிடமிருந்து பிடுங்கவில்லை. இதைச் சாப்பாட்டு மேஜையில், பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அப்படியே எடுத்துப் பேசுவார்கள், நல்லதையும் கெட்டதையும்.

படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். பிறந்தநாளுக்கு அன்னதானம் மாதிரி ஒரு நாள் வந்து பிரியாணி கொடுத்துப் படம் பிடித்துப் போவதும் வேண்டாம். சாப்பாடு கொண்டுவர ஆசை என்றால் உங்கள் நாளில், எல்லோரோடும் சேர்ந்து சமைத்து, நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். என் வியாழன் பிள்ளைகளுக்குத் தோசை என்றால் உயிர், வட்டமாக வரவில்லை என்று அவர்களுக்குள் ஒரே கேலி. அப்புறம் ஜனவரி 26: நம்மில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் குடியரசு நாள், அவர்களுக்குத் துக்க நாள். அன்றைக்கு அவர்களை விழாவுக்குக் கூப்பிடாதீர்கள். ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம் வரும், அப்போது அவர்கள் விழாவுக்கு நாம் போகலாம், குடும்பத்தோடு.

கிளம்பும்போது

கிளம்புவீர்கள், பலருக்கு அதுதான் திட்டம். தப்பில்லை, சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூன்று மாதம் முன்னால் பிள்ளைகளிடம் தேதியோடு சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு ஒருவரைக் கூட்டிவந்து நாலைந்து வாரம் சேர்ந்து நில்லுங்கள், ஓட்டப் பழகும் பிள்ளைகளின் லாக் புக்கில் பாக்கி மணி நேரத்தை அவரிடம் ஒப்படையுங்கள். போன பிறகு போன் செய்வேன் என்று சொன்னால் செய்யுங்கள், முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

முதல் நாள் என்னிடம் நாள்கணக்கு கேட்ட பையனுக்கு நான் இரண்டு மாதம் கழித்துத்தான் பதில் சொன்னேன். "விசாப்படி இன்னும் இரண்டரை வருடம் நிச்சயம் இருப்பேன். அதற்கப்புறம் தெரியாது, தெரிந்ததும் முதலில் உன்னிடம் சொல்கிறேன்" என்றேன். சரி என்றான். பிஆர் வந்தது, இங்கேயே இருக்கிறோம் என்று வீட்டில் முடிவானதை அவனிடம் சொன்னபோதும் அதே சரிதான். போன மாதம் அவன் எல் வாங்கினான். லாக் புக்கின் முதல் வரியில் என் லைசென்ஸ் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன, வியாழக்கிழமை, ஐந்தரை முதல் ஆறரை வரை, வறண்ட சாலை, 14 கிலோமீட்டர்.